பின்னால் வருவோருக்கும் மூச்சு உண்டு

பெருமாநல்லூர்ச் சந்திப்பில் காலை ஏழரை மணிக்கு வந்து நிற்பவருக்குத் திருப்பூரின் பின்னலாடைத் தொழில் எவ்வாறு நடைபெறுகிறது என்பதைத் தனியே எடுத்துரைக்க வேண்டியதில்லை. சேலத்தையும் கோவையையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையும், திருப்பூரிலிருந்து கோபிசெட்டிபாளையம் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடம் இது. துணிச் சுருள்களை முதுகு வளையும் அளவுக்கு ஏற்றிய சிறு பிக்கப் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கும். அவற்றினிடையே இரு சக்கர வண்டிகளில் வேலைக்குச் செல்லும் ஆடவரும் பெண்டிரும், கம்பெனி வேன்களும், பள்ளி வேன்களும் நுழைந்து நுழைந்து வழி தேடும்.

இத்தனை வண்டிகள் எதற்கு என்று வெளியூர் உறவினர் ஒருவர் நம்மிடம் கேட்டதுண்டு. வேறு பல ஊர்களில் ஆலை என்றால் ஒரே மதிலுக்குள் எல்லாம் முடிந்துவிடும். திருப்பூரின் வழக்கம் அதுவன்று. நூலைத் துணியாகப் பின்னுவது ஓரிடம், சாயமேற்றுவது வேறிடம், காம்பாக்டிங் செய்து துணியின் அளவை நிலைப்படுத்துவது இன்னோரிடம். பிறகு வெட்ட ஒரு கூடம், அச்சிட ஒரு கூடம், தைக்க ஒரு கூடம். பெருநிறுவனங்கள் சில அனைத்தையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்துவிட்டன என்றாலும், ‘ஜாப் ஒர்க்’ என்னும் இந்தப் பங்கீட்டு முறையில்தான் ஊரில் பெரும்பகுதி இன்றும் பிழைக்கிறது. 1925ஆம் ஆண்டில் குலாம் காதர் அவர்கள் தொடங்கிய பின்னலாடைத் தொழில், காதர்பேட்டையிலிருந்து கிளைத்துச் சுற்றுவட்டக் கிராமங்கள் வரை படர்ந்துவிட்ட நிலையில், ஒரு பனியன் உடலில் ஏறுமுன் அதன் துணி ஏழெட்டு முறை வண்டி ஏறி இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு பயணமும் ஐந்து கிலோமீட்டர், எட்டுக் கிலோமீட்டர். நாம் சொல்லப்போகும் தொல்லையின் வேரே இந்தக் குறும்பயணம்தான். ஆகவே வாசகர்கள் இதனை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

நம் தம்பியிடமும் அத்தகைய டீசல் பிக்கப் ஒன்று உண்டு. பகலில் துணிச் சுருள். துணி குறைந்த நாட்களில், கட்டட ஒப்பந்தக்காரர்களுக்காகச் சிமெண்ட் கலவை இயந்திரத்தைப் பின்னால் கொளுவி ஒரு மனையிலிருந்து மறு மனைக்கு இழுத்துச் செல்வது. இரவில் நெடுஞ்சாலையில் யாரேனும் வண்டி பழுதாகி நின்றால், இரும்புத் தண்டு மாட்டிப் பட்டறைக்கு இழுத்து வருவது. இழுவை வேலையில் கூலி கூடுதல். எஞ்சினுக்கு உழைப்பும் கூடுதல். வண்டி 2020க்குப் பின் வாங்கியது. தவணை இன்னும் முடியவில்லை.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், கலவை இயந்திரத்தை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போது முகப்பில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. இரண்டு நாளில் வண்டியின் வலுவே குன்றிவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் நாற்பதுக்கு மேல் ஏற மறுத்தது. புகைக்குழாயில் உள்ள கரி வடிகட்டி அடைத்துக்கொண்டுவிட்டது என்று பட்டறையில் சொன்னார்கள். பட்டறைக்காரர் நல்லவர், பல காலப் பழக்கம். அவர் சொன்ன வழியை அப்படியே தருகிறோம்: “இந்த டப்பாவை அறுத்துப் போட்டுட்டு, ரெண்டரை இஞ்சு பைப்பை நேரா விட்டுரலாமுங்க பாய். கம்ப்யூட்டர்ல விளக்கும் எரியாமப் பண்ணிக்கலாம். அப்புறம் பாருங்க, வண்டி யானையையும் இழுக்கும்.” வடிகட்டியைப் புதிதாக மாற்ற ஆகும் தொகையில் பத்தில் ஒரு பங்குதான் இதற்கு ஆகும் என்றார்.

தம்பிக்கு இது தேனாக இனித்தது. அத்தாவும் அவன் பக்கமே நின்றார். அவர் முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். “நம் காலத்தில் வடிகட்டியா இருந்தது? கரும்புகை கக்கினால்தான் வண்டிக்குத் தெம்பு இருக்கிறது என்று பொருள்” என்றார். நாம் இரண்டு நாள் தவணை கேட்டோம். விவரம் தெரிந்த சிலரை நாடிச் சென்றோம். அறிந்தவற்றை, நம்மைப்போலத் தவணை வண்டி வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே வரைகிறோம்.

பட்டறைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்பதை முதலில் ஒப்பவேண்டும். எஞ்சின் என்பது மூச்சு விடும் பொருள். இரண்டரை லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றுச் சுழலும்போது, டர்போவின் துணையின்றியே 2500 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறது. டர்போ இருப்பின் இன்னும் அதிகம். உள்ளே போன காற்று சூடேறி, பல மடங்கு விரிந்து வெளியேற வேண்டும். அந்த வழி குறுகலாக இருந்தால் எஞ்சின் தன் வலுவில் ஒரு பகுதியைப் புகையைத் தள்ளுவதிலேயே செலவிடும். ரூடால்ஃப் டீசல் தம் எஞ்சினுக்கு 1893இல் காப்புரிமை பெற்றார். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1905இல், ஆல்ஃபிரட் பூகி என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர், வீணே வெளியேறும் புகையின் விசையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன் மறுமுனையால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதுவே டர்போ. எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு போகிறதென்றால், அதில் சிறிதை மீட்டுக்கொள்ள அந்த மனிதர் கண்ட வழியை வியக்காமல் இருக்க முடியவில்லை.

டர்போவுக்குப் பின்னால் உள்ள குழாயில் தடை குறைந்தால் டர்போ எளிதில் சுழலும். எஞ்சின் வெப்பமும் சற்றுக் குறையும். பாரம் இழுப்பவருக்கு இது சிறிய செய்தியன்று. வெறும் வண்டி ஓட்டுபவர் மேட்டில் சில நொடிகள்தான் முழுவதும் மிதிப்பார். இழுவை வண்டியோ நிமிடக் கணக்கில் முழுப் பாரத்தில் நிற்கும். சத்தியமங்கலத்துக்கு மேலே திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் சுமையோடு ஏறியவர்களுக்கு, எஞ்சின் சூடு என்பதன் பொருள் தெரியும். மேல்நாடுகளில் இழுவைக்கென்றே பிக்கப் வைத்திருப்போர் அகலக் குழாய் மாற்றுவது இந்தக் காரணத்தால்தான். ஆனால் எஞ்சினுக்குள் செல்லும் டீசலின் அளவும் காற்றின் அளவும் மாறாதிருக்க, குழாயை மட்டும் அகலமாக்கினால் கிடைக்கும் வலு மிகச் சொற்பம். ஓசை மட்டும் பெருகும். ஓசையை வலு என்று எண்ணி மயங்கும் இளைஞர்கள் நம் ஊரிலும் குறைவில்லை.

மறுபாதிக்கு வருவோம். அறுத்தெறியச் சொன்ன அந்த ‘டப்பா’வில் என்ன இருக்கிறது? தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. அதில் நூற்றுக்கணக்கான மெல்லிய துளைகள். ஒரு துளையின் முன்வாய் அடைக்கப்பட்டிருந்தால் அடுத்ததன் பின்வாய் அடைக்கப்பட்டிருக்கும். ஆகவே புகை நேரே ஓடிவிட முடியாது. நுண்துளைகள் நிறைந்த சுவரின் வழியே கசிந்துதான் வெளியேற வேண்டும். கரி சுவரில் தங்கிவிடும். நல்ல நிலையில் உள்ள வடிகட்டி கரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேலாகப் பிடித்துக்கொள்கிறது. 2000ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு பெஜோ நிறுவனம் தன் 607 காரில் இதனைப் பொருத்தி, பெருவாரியாக விற்கும் வண்டிகளில் இதற்கு வழி திறந்தது. நம் நாட்டில் 2017 ஏப்ரலில் பி.எஸ். 4 விதிகள் எங்கும் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாம் படியைத் தாண்டி, 2020 ஏப்ரல் முதல் நாளில் பி.எஸ். 6 வந்தது. டீசலில் உள்ள கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு என்பதிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. டீசல் கார் உமிழக்கூடிய கரித்துகளின் வரம்பு நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் குறைக்கப்பட்டது. அந்த வரம்புக்குள் நிற்க வடிகட்டி இன்றி இயலாது.

கரியை ஏன் இவ்வளவு அஞ்சவேண்டும்? டீசல் புகையிலுள்ள துகள்களில் பெரும்பான்மை மயிரிழையின் முப்பதில் ஒரு பங்குக்கும் நுண்ணியவை. மூக்கு தடுக்காது; தொண்டை தடுக்காது; நுரையீரலின் கடைசி அறை வரை செல்லும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2012 ஜூன் மாதத்தில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று ஐயமற உறுதியானவற்றின் முதல் வரிசையில் சேர்த்தது. புகையிலைப் புகை உள்ள வரிசை அது.

இதை நாம் வீட்டில் சொன்னபோது அத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு அம்மாதான் கேட்டார்: “மிக்சருக்குப் பின்னாலேயே மொபெட்டில் கொத்தனாரும் சித்தாளும் வருவார்களே, அவர்கள் முகத்துக்கு நேராகத்தானே அந்தக் குழாய் இருக்கிறது?” ஆம். இழுவை வேலையில் வண்டி ஊர்ந்து செல்லும். எஞ்சின் முழு மூச்சில் உழைக்கும். மனைக்குச் செல்லும் வேலையாட்கள் அதன் பின்னாலேயே பத்து இருபது நிமிடம் வருவார்கள். வண்டி ஓட்டும் தம்பிக்குக் கண்ணாடி ஏற்றப்பட்ட அறை. புகை அவன் பங்குக்கு வருவதில்லை.

திருப்பூர் மக்களுக்கு இந்தக் கணக்கு புதிதன்று என்பது நம் எண்ணம். சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலந்து, 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாத சாயக் குட்டையாக மாறிய வரலாற்றை இங்கே சிறுவரும் அறிவர். கழிவைச் சுத்திகரிக்கும் செலவைத் தொழில் தாங்காது என்று ஆண்டுக்கணக்கில் சொல்லப்பட்டது. அந்தச் செலவை அணைக்குக் கீழே இருந்த உழவர்கள் நிலமாகவும் கிணறாகவும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இறுதியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்டவை மூடப்பட்டன. அந்த மாதங்களில் ஊர் பட்ட பாட்டை நாம் கண்டிருக்கிறோம். பிறகு ஒரு சொட்டும் வெளியே விடாத முறையோடு அவை மீண்டும் திறந்தன. சாயக்குழாயின் முனையில் நின்றவர் உழவர். புகைக்குழாயின் முனையில் நிற்பவர் சித்தாள். வேறுபாடு என்னவென்று தம்பியிடம் கேட்டோம். “அண்ணா, அது கோடிக்கணக்கான தொழில், இது என் ஒற்றை வண்டி” என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒற்றை வண்டிக்காரன் ஒருவனாகத் தவணை கட்டுகிறான். வடிகட்டி அடைத்தால் ஒருவனாகவே செலவும் செய்கிறான்.

ஆனால் ஒற்றை வண்டிகள் கூடினால் என்னாகும் என்பதற்கு அமெரிக்காவில் கணக்கு எடுத்திருக்கிறார்கள். அங்கும் பிக்கப் வண்டிகளில் படகையும் குதிரைவண்டியையும் இழுப்போர், வலுக்கூடும் என்று வடிகட்டியை அகற்றுவது பெரும் வணிகமாகவே நடந்தது. பத்தாண்டுக் காலத்தில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் அவ்வாறு செய்யப்பட்டதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் காப்பு அமைப்பு 2020 நவம்பரில் கூறியது. அவற்றால் காற்றுக்கு நேர்ந்த கேடு, ஒழுங்கான வண்டிகள் 90 லட்சத்துக்கும் மேல் கூடுதலாக ஓடியதற்கு ஒப்பாகும் என்றும் கணக்கிட்டது. இது தனியாள்களின் வேலை. பெருநிறுவனமும் சளைத்ததன்று: சோதனை நேரத்தில் மட்டும் நல்லபிள்ளையாக நடக்கும்படி உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் வண்டிகளின் கணினியை ஃபோக்ஸ்வேகன் அமைத்திருந்தது 2015 செப்டம்பரில் வெளிப்பட்டதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ‘விளக்கு எரியாமல் செய்வது’ என்று நம் பட்டறையில் சொன்னதன் பெரிய உருவம் அது.

சட்டத்தைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், புகை, ஓசை விதிகளை மீறி ஓட்டுவோருக்கு முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என வகுத்தது. நெடுஞ்சாலையில் யாரும் குனிந்து பார்ப்பதில்லை என்பது தம்பியின் வாதம். விபத்து நேர்ந்து காப்பீட்டு நிறுவனத்தின் ஆள் வந்தால் அவர் குனிந்து பார்ப்பாரே என்றோம். இந்த ஒரு பேச்சுத்தான் அவனைச் சிந்திக்க வைத்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இனி, என்ன செய்தோம் என்பது. வடிகட்டி ஏன் அடைத்தது என்று யாரும் அதுவரை கேட்கவில்லை. அடைத்ததை அகற்றுவதிலேயே பேச்சு நின்றது. வடிகட்டியில் சேரும் கரி தானே எரிந்து சாம்பலாக வேண்டும். அதற்கு ஏறத்தாழ 600 பாகை வெப்பம் வேண்டும்; எஞ்சின் கணினி சிறிது டீசலைக் கூடுதலாகச் செலுத்தி அந்த வெப்பத்தை உண்டாக்கும். வண்டி பத்து முதல் இருபது நிமிடம் தடையின்றி ஓடிக்கொண்டிருந்தால்தான் அது நிறைவேறும். நம் வண்டியோ நிட்டிங் கூடத்திலிருந்து காம்பாக்டிங் கூடத்துக்கு எட்டு நிமிடம் ஓடி நின்றுவிடும். எரியத் தொடங்கிய கரி பாதியில் அணையும். பயன்படாத டீசல் எஞ்சின் எண்ணெயில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். இழுவை வேலையால் கரி மிகுதியாகச் சேர, குறும்பயணத்தால் அது எரியாமல் போக, இரண்டும் சேர்ந்து அடைத்துவிட்டன. அந்த மஞ்சள் விளக்கு ‘சற்று நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டு’ என்று சொல்லும் விளக்கு என்பதை வண்டி விற்றபோது ஒருவரும் சொல்லவில்லை என்பதே நம் குறை.

வேறொரு பட்டறையில் பொறுமையாகப் பார்த்தார்கள். டர்போவிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர் குழாயில் மெல்லிய வெடிப்பு. அதன் வழியே காற்றுக் கசிந்ததால் டீசல் முழுதும் எரியாமல் கரி கூடியிருக்கிறது. வடிகட்டியின் அழுத்தத்தை அளக்கும் சிறு குழலிலும் அடைப்பு. இரண்டையும் மாற்றி, காற்று வடிகட்டியைப் புதிதாக்கி, கணினியின் துணையால் வண்டியை நிறுத்திவைத்தே கரியை எரித்தார்கள். கடைசி சைலன்சர் துருப்பிடித்து உள்தகடு கழன்று வழியை மறித்திருந்தது. அதே அளவில் துருப்பிடிக்காத எஃகில் ஒன்று மாற்றினோம். வளையும் இணைப்பையும், குழாயைத் தாங்கும் ரப்பர்களையும் சேர்த்தே மாற்றினோம். ஆக, புகைக்குழாயை மேம்படுத்த வேண்டும் என்ற தம்பியின் ஆசை ஒருவகையில் நிறைவேறியது. செலவு, அறுத்தெறிவதைவிட மூன்று மடங்கு. புதிய வடிகட்டியைவிட மிகக் குறைவு.

வடிகட்டி இல்லாத பழைய வண்டிக்காரர்களுக்கும் ஒரு சொல். கரும்புகை தெம்பின் அடையாளம் அன்று. எரியாமல் போன டீசலின் அடையாளம். காசைக் குழாய் வழியே ஊதிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். இன்ஜெக்டரையும் காற்று வடிகட்டியையும் பார்த்த பிறகே சைலன்சரில் கை வைக்கவேண்டும். எஞ்சினோடு குழாய் சேரும் இடத்தில் கேஸ்கட் கசிந்தால், டர்போவைச் சுழற்ற வேண்டிய விசை வழியிலேயே போய்விடும். புகை ஓட்டுநர் அறைக்குள்ளும் வரும். ஐம்பது ரூபாய்ப் பொருளை மாற்றாமல் ஆயிரக்கணக்கில் அகலக் குழாய்க்குச் செலவிட்டவர்களை நாம் அறிவோம்.

நம் பகுதிக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. கரி எரியும் நேரத்தில் குழாய் கடுஞ்சூடாக இருக்கும். பின்னலாடைக் கூடங்களின் முற்றத்தில் பஞ்சுத் தூசும் வெட்டுத் துணியும் சிதறிக் கிடக்கும். அவற்றின் மேல் சூட்டோடு வண்டியை நிறுத்துவது தீயை அழைப்பதாகும். மண் தரையில் அல்லது சிமெண்ட் தரையில் நிறுத்தி, சில நிமிடம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, டர்போ ஆறிய பின் அணைப்பதே முறை.

இப்போது தம்பி வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை மாலை, சுமை இறக்கிய வண்டியை நெடுஞ்சாலையில் விஜயமங்கலம் வரை சீரான வேகத்தில் ஓட்டித் திரும்புகிறான். அந்த டீசல் வீண்செலவு என்று முதலில் முணுமுணுத்தான். பிறகு அத்திசையில் ஒரு வாடகையைப் பிடித்துக்கொண்டான். அத்தா மட்டும் இன்னும் முழுமையாக நம்பவில்லை. சென்ற வாரம் தாமே குனிந்து, ஒரு வெள்ளைப் பனியன் வேஸ்ட்டைக் குழாயின் வாய்க்குள் விட்டுத் துடைத்துப் பார்த்தார். வடிகட்டி உடைந்த வண்டியில் துணி கரியாக வரும். இதில் இலேசாகச் சாம்பல் நிறம்தான் ஒட்டியிருந்தது. ஒன்றும் சொல்லாமல் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் தேநீர்க்கடையில் தம் பழைய லாரி நண்பர்களிடம் அதைக் காட்டிக்கொண்டிருந்ததாகக் கேள்விப்பட்டோம்.